துடைப்பத்தை ஓங்கும் முன் ஒரு நிமிடம்...!



இரண்டு வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, 'செல்லமாக வளர்த்த பூனை இப்போது கண்ட இடத்தில் அசிங்கம் செய்கிறது. வீட்டில் தினமும் சண்டை. எங்காவது கொண்டு போய் விட்டுவிடலாமா?' என்று வருத்தத்தோடு எழுதியிருந்தார். அதைப் படித்ததும் அன்று எனக்கு அடுப்படி வேலையே ஓடவில்லை. ஏனென்றால், போன வருடம் இதே கேள்வியை என்னை நானே கேட்டுக் கொண்டேன். விடை தெரிவதற்குள் ஒரு உயிரையே பறிகொடுத்திருப்பேன். அந்தச் சகோதரிக்கும், பூனை வளர்க்கும் மற்ற வாசகியருக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது மன்னார்குடியில் முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. நான், என் கணவர், மாமியார், பள்ளியில் படிக்கும் மகள், நான்கே பேர். நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஐப்பசி அடைமழையில், பாவாடைத் துணியில் சுற்றி ஒரு பூனைக்குட்டியைக் கொண்டு வந்தாள் மகள். 'முத்து' என்று பெயரும் வைத்துவிட்டாள்.

என் மாமியார் பழைய காலத்து மனுஷி. வெளியே கிளம்பும்போது பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். "பூனையை மடியில கட்டிக்கிட்டு சகுனம் பார்த்த கதையால்ல இருக்கு!" என்று நாலு நாள் முணுமுணுத்தார். ஐந்தாம் நாள் பார்த்தால், அவர் கட்டிலின் கால்மாட்டில்தான் முத்து சுருண்டு கிடந்தது!

முதல் தொல்லை ஏழாவது மாதத்தில் ஆரம்பித்தது. வாலைத் தூக்கி, உடம்பைச் சிலிர்த்து, பீரோ, கதவு, சைக்கிள் என்று பின்புறமாகத் திரும்பிப் பீய்ச்சி அடித்தது. அந்த நாற்றம் இருக்கிறதே, ஊதுவத்திக்கெல்லாம் அடங்காது! பக்கத்துத் தெரு ஆசிரியை ஒருவர், "கடுவனுக்கு வயசு வந்தா எல்லை குறிக்கும். ஆபரேஷன் பண்ணிடுங்க, சரியாயிடும்" என்றார். என் கணவர், "வாயில்லா ஜீவன், பாவம்" என்று கொஞ்ச நாள் தட்டிக் கழித்தார். அவருடைய வெள்ளை வேட்டி மேலேயே ஒருநாள் அடித்த பிறகுதான் மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்துக்குள் அந்தப் பழக்கம் அடியோடு நின்றது. அதன்பின் இரண்டரை வருடம் ஒரு குறையும் இல்லை. கொல்லைத் தாழ்வாரத்தில் மண் நிரப்பிய ஒரு பேசின் வைத்திருந்தோம். சமர்த்தாக அதில்தான் போகும்.

போன வருடம் புரட்டாசியில்தான் மறுபடி விபரீதம் வந்தது. ஒருநாள் காலை மாமியார் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. மடித்து வைத்திருந்த அவருடைய பட்டுப் புடவை மேல் ஈரம். மறுநாள் குளியலறைத் தரையில். அதற்கடுத்த நாள் பாத்திரம் துலக்கும் தொட்டியில். அப்புறம் மறுபடியும் மாமியார் படுக்கையில்! ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி அளவுகூட இருக்காது. ஆனால் ஒரு நாளைக்கு நாலு இடம், ஐந்து இடம்.

"வயசானவ படுக்கையிலயா பழி தீர்க்கறது? பால் சட்டியில வாய வச்சதுக்கு நேத்து ரெண்டு வார்த்தை திட்டினேன். அந்தத் திமிருதான் இது!" என்றார் மாமியார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பூனை பழிவாங்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுத்தானே வளர்ந்திருக்கிறோம்?

என்னென்ன செய்தேன் என்று சொல்லவே இப்போது கூசுகிறது. ஈரம் செய்த இடத்துக்கு அதன் கழுத்தைப் பிடித்து இழுத்துப் போய் மூக்கை வைத்துத் தேய்த்தேன். துடைப்பத்தால் அடித்தேன். யாரோ சொன்னார்கள் என்று கட்டிலைச் சுற்றி அந்துருண்டை போட்டேன். வீடு முழுக்க பினாயில் ஊற்றிக் கழுவினேன். எதற்கும் அடங்கவில்லை என்றதும், கொல்லையில் விறகு போடும் அறையில் அடைத்துத் தாழ்ப்பாள் போட்டேன். பத்து நாள் இப்படியே போயிற்று.

பத்தாம் நாள், சனிக்கிழமை. என் கணவர் அரிசிச் சாக்கு ஒன்றை உதறி எடுத்து வைத்தார். "நாளைக்கு மீன் மார்க்கெட்ல விட்டுட்டு வந்துடறேன். அங்கே தின்ன பஞ்சம் இருக்காது" என்றார். மகள் அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. சாக்கை எடுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டு கூடத்தில் படுத்துவிட்டாள்.

கடைசியாக ஒரு வேளை நன்றாகச் சாப்பிடட்டும் என்று, இரண்டு துண்டு மீனை வேக வைத்து எடுத்துக்கொண்டு விறகு அறைக்குப் போனேன். முத்து மீனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு மூலையில் போய்க் குந்தியது. முக்கியது. ஒரு சொட்டு வரவில்லை. எழுந்து நாலடி நடந்து மறுபடி குந்தியது. அடிவயிற்றை நக்கியது. அப்போது அது கத்திய கத்தல் வழக்கமான 'மியாவ்' இல்லை. அடித் தொண்டையிலிருந்து ஒரு ஓலம்.

என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "வயித்துல கட்டு போலிருக்கு. கொஞ்சம் விளக்கெண்ணெய் ஊத்து" என்றார். அந்தச் சத்தத்தில் மாமியாரும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். டார்ச் வெளிச்சத்தில் சற்று நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "இது திமிரு இல்லடி. நீர்க்கடுப்பு. போன வருஷம் எனக்கு வந்தப்போ நானும் இப்படித்தானே நிமிஷத்துக்கு ஒரு தரம் எந்திரிச்சு எந்திரிச்சு ஓடினேன்? எனக்கு வாய் இருந்துது, சொன்னேன். இது எங்கே போய்ச் சொல்லும்?"

எனக்குக் கை கால் வெலவெலத்துவிட்டது.

மூட்டு வலிக்காரர், அந்த நேரத்தில் பரணிலிருந்த காய்கறிக் கூடையை இறக்கச் சொல்லி, தன் பழைய நூல் புடவையை அதில் விரித்தார். ஆட்டோ பிடித்துக்கொண்டு போய், தெரிந்தவர் மூலம் ஒரு கால்நடை டாக்டரின் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவர் வயிற்றை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். "எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியா இருக்கு பாருங்க, இதுதான் நீர்ப்பை. அடைச்சுப் போச்சு" என்றார். மயக்க ஊசி போட்டு, மெல்லிய டியூபை உள்ளே செலுத்தி அடைப்பை நீக்கினார். ரத்தம் கலந்த சிறுநீர் வெளியே வந்தது.

ஆண் பூனைக்குச் சிறுநீர் வரும் வழி ரொம்பக் குறுகலாம். நீர்ப்பையில் புண் பட்டு, மணல் போன்ற உப்புத் துகளும் சளியும் சேர்ந்தால் கார்க் மாதிரி அடைத்துக் கொள்ளுமாம். அடைத்துவிட்டால் சிறுநீரகம் கெட்டு, பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி, இதயம் நின்று, இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும் என்றார் டாக்டர். பெண் பூனைக்கும் நீர்க்கடுப்பு வரும். அடைப்பு வருவதுதான் அபூர்வம்.

"எத்தனை நாளா இடம் மாத்திப் போகுது?" என்று கேட்டார்.

"பத்து நாளா சார்."

"பத்து நாளா சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மூன்று நாள் டியூபும் குளுக்கோஸுமாகக் கிடந்து முத்து பிழைத்து வந்தது. சாக்கில் கட்டி விட்டிருந்தால், மீன் மார்க்கெட்டில் யாருக்கும் தெரியாமல் ஏதோ ஒரு வண்டிக்கு அடியில் துடித்துச் செத்திருக்கும். நாமும், 'அங்கே நன்றாகத் தின்றுகொண்டிருக்கும்' என்று நிம்மதியாக இருந்திருப்போம்.

அதன் பிறகு டாக்டரிடம் துருவித் துருவிக் கேட்டும், எங்கள் அனுபவத்திலும் நான் தெரிந்து கொண்டவற்றை இங்கே தருகிறேன்.

கண்ட இடத்தில் போகிறதா?

* முதலில் நோயா என்று பாருங்கள். அடிக்கடி குந்துவது, சொட்டுச் சொட்டாகப் போவது, ரத்தம், அடிவயிற்றை ஓயாமல் நக்குவது, போகும்போது கத்துவது இவையெல்லாம் நோயின் அடையாளம். துணி, குளிர்ந்த வழவழப்பான தரை, தொட்டி என்று இடம் தேடுவதும் அதனால் இருக்கலாம். மண்ணில் போனால் வலிக்கிறது என்று மண்ணையே வெறுத்துவிடும். ஆண் பூனை முக்கியும் சொட்டு வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றவும் வேண்டாம்.

* நோய் இல்லை என்றால் மண் தொட்டியைக் கவனியுங்கள். தினமும் அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலோ, சத்தம் வரும் இடத்திலோ வைக்கக் கூடாது. பூனை தாராளமாகத் திரும்பும் அளவுக்குப் பெரிய பேசினாக, இரண்டு மூன்று அங்குல மணலோடு இருக்கட்டும். ஒரு பூனைக்கு இரண்டு தொட்டி, இரண்டு பூனைக்கு மூன்று என்பது கணக்கு.

* வீட்டில் என்ன மாறியது என்று யோசியுங்கள். பூனைக்கு மனக்கலக்கம் வந்தாலே நீர்ப்பை புண்ணாகுமாம். எங்கள் வீட்டில் யோசித்துப் பார்த்தால், அந்த மாதம்தான் மண் பேசினைத் தண்ணீர் மோட்டார் பக்கத்தில் நகர்த்தி வைத்திருந்தேன். மோட்டார் 'கிர்ர்' என்று போட்டதும் அது ஓடிவிடும். அதே மாதம் எதிர் வீட்டுக்கு வந்த ஒரு கடுவன், தினமும் எங்கள் ஜன்னலில் வந்து உட்கார்ந்து உறுமிக் கொண்டிருந்தது. இரண்டையும் நான் பொருட்படுத்தவே இல்லை.

* தண்ணீர் நிறையக் குடிக்க வையுங்கள். உருண்டைத் தீனி மட்டுமே தின்னும் பூனைகள் பல சமயம் போதிய தண்ணீர் குடிப்பதில்லை. மூன்று நான்கு இடங்களில் கிண்ணம் வைக்கலாம். ஈரப்பதமுள்ள பாக்கெட் உணவோ, உப்பு, காரம், வெங்காயம், பூண்டு சேர்க்காமல் மீன் வேகவைத்த நீரோ கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைக் கெடுக்கும்.

* அசிங்கமான இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, பிறகு பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்து உலர விடுங்கள். செல்லப் பிராணிக் கடைகளில் என்சைம் கலந்த திரவமும் கிடைக்கிறது. வாடை மிச்சம் இருந்தால் அதே இடத்தைத் தேடி வரும்.

சுவரிலும் பீரோவிலும் பீய்ச்சி அடிக்கிறதா?

இது வேறு. நின்றபடி, வாலைத் தூக்கி, செங்குத்தான இடத்தில் அடித்தால் எல்லை குறிக்கிறது என்று பொருள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்தான் மருந்து. ஐந்து ஆறு மாத வயதிலேயே செய்துவிடலாம். ஆபரேஷன் செய்தால் ஆண் பூனைகளில் பெரும்பாலானவை இதை நிறுத்திவிடும். பெண் பூனை ராப்பகலாகக் கத்தி ஊரைக் கூட்டுவதற்கும் இதுவே தீர்வு. சுமார் ஒன்பதே வாரத்தில் குட்டி போட்டுவிடும். அத்தனை குட்டிக்கும் நாம் எங்கே போய் வீடு தேடுவது?

சோபாவைக் கிழிக்கிறதா?

நகத்தின் மேல் தோட்டை உரிக்கவும், சோம்பல் முறிக்கவும், பாதத்திலுள்ள வாசனையைப் பதிக்கவும் பூனை பிராண்டியே ஆக வேண்டும். தடுக்க முடியாது, இடத்தை மாற்றலாம். மூன்றடி உயரப் பலகையில் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, ஆடாதபடி அந்தச் சோபாவுக்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள். கோணிச் சாக்கைச் சுற்றினாலும் சரி. அதில் பிராண்டும்போது ஒரு துண்டு கருவாடு கொடுங்கள். (எங்கள் வீட்டில் அந்தப் பலகையைச் சுற்றியிருப்பது எந்தச் சாக்கு என்று சொல்லவும் வேண்டுமா?)

ராத்திரியில் அட்டகாசமா? கையைக் கடிக்கிறதா?

அந்தி, விடியல் இரண்டும்தான் பூனைக்கு வேட்டை நேரம். படுக்கப் போகும் முன் கயிற்றில் துணி முடிச்சைக் கட்டி இழுத்துப் பதினைந்து நிமிடம் ஓட விட்டு, பிறகு சாப்பாடு போடுங்கள். தூங்கிவிடும். குட்டியிலிருந்தே விரலை ஆட்டி விளையாடினால் விரல்தான் எலி என்று பழகிவிடும். கடித்தாலோ பிறாண்டினாலோ அலட்சியம் வேண்டாம். பூனைக்கும் வெறிநோய் வரும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே டாக்டரைப் பாருங்கள். பூனைக்கும் வருடா வருடம் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

கட்டாயம் செய்யக் கூடாதவை

* அடிக்காதீர்கள், மூக்கைத் தேய்க்காதீர்கள். எதற்காக அடி விழுகிறது என்று அதற்குப் புரியாது. நம்மைக் கண்டால் பயம் வரும். அந்தப் பயத்தில் தொல்லை இன்னும் கூடும்.

* அந்துருண்டை, நீலகிரித் தைலம், மிளகாய்ப் பொடி வேண்டாம். பினாயிலும், தண்ணீரில் ஊற்றினால் பாலாக வெளுக்கும் கிருமிநாசினிகளும் பூனைக்கு விஷம். காலில் ஒட்டியதை நக்கி உள்ளே இழுத்துக் கொள்ளும். பிளீச்சிங் பவுடரும் சிறுநீரும் சேர்ந்தால் கண்ணெரியும் வாயு வரும்.

* நமக்குப் போடும் காய்ச்சல் மாத்திரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

* 'பூனை என்றால் பால்' என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதியாகும். வெறும் பால் சாதமும் போதாது. பூனைக்கு மாமிசச் சத்து வேண்டும். மாமிசத்திலிருந்து கிடைக்கும் டாரின் என்ற சத்து குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும்.

* வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் பூனையைத் துரத்த வேண்டாம். மண் தொட்டியை மட்டும் வேறொருவர் சுத்தம் செய்யட்டும். பூனை மலத்திலிருந்து வரும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதனால் அன்றன்றைக்கே அள்ளிவிட வேண்டும். வேறு ஆளில்லை என்றால் கையுறை போட்டுச் செய்து, சோப்பால் கை கழுவுங்கள். காய்கறியைக் கழுவுவதும், கறியை நன்றாக வேக வைப்பதும் அவ்வளவே முக்கியம்.

* சாக்கில் கட்டி விடுவதை மறந்துவிடுங்கள். மார்க்கெட்டில் ஏற்கெனவே இருக்கும் பூனைகள் புதுப் பூனையைச் சேர்க்காது. நாய், வண்டி, பசி என்று அலைந்து சாகும். வளர்த்த பிராணியைப் பட்டினியால் துன்பப்படும்படி கைவிடுவது, 1960-ம் வருட விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. உண்மையிலேயே வளர்க்க முடியவில்லை என்றால், நன்றாகப் பார்த்துக் கொள்ளும் வேறு வீட்டைத் தேடிக் கொடுங்கள்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். எங்களுக்கும் அந்த மாதச் சீட்டுப் பணம் முழுக்க இதற்கே போயிற்று. பொய் சொல்வானேன், என் கணவர் முகம் சுருங்கத்தான் செய்தது. ஆனால் முதல் இரண்டு நாளிலேயே பார்த்திருந்தால் மருந்தோடு போயிருக்கும். அரசு கால்நடை மருத்துவமனைகளில் செலவு குறைவு. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன.

இப்போது முத்து நலம். மறுபடியும் வரலாம் என்று டாக்டர் எச்சரித்திருப்பதால், தினமும் காலையில் மண்ணை அள்ளும்போது எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது என்று பார்த்துவிடுகிறேன். எதிர் வீட்டுக் கடுவன் வரும் ஜன்னலுக்குப் பாதி உயரத்துக்குத் திரை போட்டாயிற்று. மண் பேசினைப் பழைய தாழ்வாரத்துக்கே கொண்டு வந்துவிட்டேன்.

பட்டுப் புடவைக் கறை மட்டும் போகவில்லை. மாமியார் அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டாமல் இருப்பதில்லை. ஆனால் ராத்திரி படுக்கப் போகும் முன், "ஏண்டி, அது ஒண்ணுக்குப் போச்சா, பார்த்தியா?" என்று கேட்காமலும் படுப்பதில்லை.

முத்து என்னிடம் வந்து உரசுகிறது; மடியில் படுக்கிறது. ஆனால் வீடு பெருக்க நான் துடைப்பத்தை எடுத்ததும் இன்றைக்கும் கட்டிலுக்கடியில் ஓடிப் பதுங்கிக்கொள்கிறது. தினமும் காலையில் அதைப் பார்க்கிறேன். கடிதம் எழுதிய அந்தச் சகோதரியிடம் நான் கேட்டுக் கொள்வது ஒன்றுதான். சாக்கைத் தேடாதீர்கள். உங்கள் பூனை எங்கே குந்துகிறது, எவ்வளவு போகிறது, போகும்போது வலிக்கிறதா என்று இன்றைக்கே ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

- ஒரு வாசகி, மன்னார்குடி.